பாட்டிஸ்டுட்டாவின் கணுக்கால்

2005-ஆம் ஆண்டு அர்ஜென்டினா வீரர் காப்ரியேல் பாட்டிஸ்டுட்டா கால்பந்தை விட்டார். கத்தாரில் அல் அராபி கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தவர், இனி உடம்பு தாங்காது என்று நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே நடக்க முடியாமல் போனது. விடிகாலை நாலு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழ வேண்டும். கழிவறை மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. காலைத் தரையில் ஊன்றினால் வரப்போகும் வலியை நினைத்துப் படுக்கையிலேயே போய்விட்டதாக, பல ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். பிறகு தனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் போய், கால்களை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். செயற்கைக் கால்களில் ஓடிய தென்னாப்பிரிக்க வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸைப் பார்த்துவிட்டு, நமக்கும் இதுதான் வழி என்று தோன்றியதாம். மருத்துவர் மறுத்துவிட்டார்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

தொண்ணூறுகளில் உலகக் கோப்பை வழியாகக் கால்பந்துக்குள் வந்த என்னைப் போன்றவர்களுக்கு பாட்டிஸ்டுட்டா என்றால் தோள்வரை தொங்கும் பொன்னிற முடி, நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கோல் போட்டதும் கையில் துப்பாக்கி இருப்பதுபோல நின்று சுடும் அந்தக் கொண்டாட்டம். அந்த உடம்பைப் பார்த்து, இவன் உடையவே மாட்டான் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அந்தப் பேட்டியைப் படித்த பிறகு அவருடைய பழைய கோல்களை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். பந்தை விட்டுவிட்டு, ஊன்றிய காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. தனக்குக் கால்பந்து மேல் காதல் எதுவும் கிடையாது, அது தன் தொழில் என்று பாட்டிஸ்டுட்டா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆடிய காலத்திலேயே சொன்னார், ஓய்வு பெற்ற பிறகும் சொன்னார். வீட்டுக்குப் போனால் மேட்ச் பார்க்க மாட்டார். நம் ஊரில் யாராவது பெரிய கிரிக்கெட் வீரர் இப்படிச் சொன்னால் நாம் தாங்குவோமா? விளையாட்டு என்றால் வெறி இருக்க வேண்டும், பைத்தியம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் கால் இரண்டையும் வெட்டிவிடச் சொல்லும் அளவுக்கு உடம்பைக் கொடுத்தவர், பைத்தியம் இல்லை என்று சொன்ன இந்த மனிதர்தான். இந்த முரண்தான் என்னை இவரிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாணத்தின் வடபகுதியில் ரெகொன்கிஸ்டா என்று ஒரு ஊர். மாடும் பருத்தியும் நிறைந்த பகுதி. அதற்குப் பக்கத்து ஊரான அவெயனேடாவில் 1969 பிப்ரவரி 1-ஆம் தேதி பிறந்தார், வளர்ந்தது ரெகொன்கிஸ்டாவில். அப்பா மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர், அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில். கூடப் பிறந்தது மூன்று தங்கைகள். பையன் நல்ல உயரம் என்பதால் முதலில் ஆடியது கூடைப்பந்து. 1978-இல் அர்ஜென்டினா சொந்த மண்ணில் உலகக் கோப்பை வென்றபோது மாரியோ கெம்பெஸ் கோல் போட்டதைப் பார்த்தார், மனசு கால்பந்துப் பக்கம் சாய்ந்தது. அப்போதும் இதுதான் என் வாழ்க்கை என்றெல்லாம் முடிவெடுக்கவில்லை. உள்ளூர் அணியில் ஆடினார். ரெகொன்கிஸ்டா அணி மாகாணப் போட்டியில் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கிளப்பின் இளையோர் அணியைத் தோற்கடித்தபோது இவர் இரண்டு கோல் போட, நியூவெல்ஸ்காரர்கள் இவரை ரொசாரியோவுக்கு அழைத்துக்கொண்டார்கள்.

அது 1988. வயது பத்தொன்பது ஆகிவிட்டது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் எட்டு வயதில் அகாடமிக்குப் போகிறவர்களோடு ஒப்பிட்டால் ரொம்பத் தாமதம். வீட்டை விட்டு, காதலி இரினாவை விட்டு, ஸ்டேடியத்துக்குள்ளேயே ஒரு அறையில் தங்கினார். உடம்பு வேறு பெருத்திருந்தது. அங்கே ரிசர்வ் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் மார்செலோ பியெல்சா. பிற்காலத்தில் உலகமே 'பைத்தியக்காரர்' என்று அன்போடு அழைத்த அதே பியெல்சா. அல்ஃபஹோர் என்று அர்ஜென்டினாவில் ஒரு தின்பண்டம் உண்டு, இரண்டு மெத்தென்ற பிஸ்கட்டுகளுக்கு நடுவே காய்ச்சிய பால் இனிப்பைத் தடவியிருப்பார்கள். பாட்டிஸ்டுட்டாவுக்கு அது உயிர். பியெல்சா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மழையில் ஓடவிட்டார். உழைப்பைச் சொல்லிக்கொடுத்தது பியெல்சாதான் என்று பாட்டிஸ்டுட்டா கடைசிவரை நன்றியோடு சொல்லிவருகிறார்.

அடுத்த வருடம் ரிவர் பிளேட் கிளப். அங்கே டேனியல் பசரெல்லா பயிற்சியாளராக வந்ததும் இவரை ஓரம் கட்டினார். 1990-இல் ரிவரின் பரம எதிரியான போகா ஜூனியர்ஸ். அங்கேயும் முதலில் சரியாக அமையவில்லை, பக்கவாட்டில் ஆடவிட்டார்கள். 1991 தொடக்கத்தில் வந்த ஒஸ்கார் தபாரெஸ்தான் இவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. போகா அந்த அரையாண்டைத் தோல்வியே இல்லாமல் வென்றது. ஆனால் அன்றைய அர்ஜென்டினா முறைப்படி இரண்டு அரையாண்டு வெற்றியாளர்களும் மோதி சாம்பியனைத் தீர்மானிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பாட்டிஸ்டுட்டாவைத் தேசிய அணிக்கு, தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோபா அமெரிக்காவுக்காக அழைத்துப் போய்விட்டார்கள். அவர் இல்லாத போகாவை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று பட்டத்தைக் கொண்டுபோனது பியெல்சாவின் நியூவெல்ஸ்.

சிலியில் நடந்த அந்த கோபா அமெரிக்காவில் இவர் 6 கோல் போட்டார், அர்ஜென்டினா கோப்பையை வென்றது. அங்கே இவரைப் பார்த்த செக்கி கோரி குடும்பம், தங்கள் ஃபியோரென்டினா கிளப்புக்காக வாங்கிக்கொண்டது.

அன்றைய இத்தாலிய லீகைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது இங்கிலாந்து பிரீமியர் லீக் எப்படியோ, தொண்ணூறுகளில் சீரி ஆ அதற்கும் மேல். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். முக்கியமாக, எதிரணியைக் கோல் போடவிடாமல் தடுக்கும் டிஃபெண்டர்களில் சிறந்தவர்கள். ஏசி மிலானில் பரேசி, மால்டினி, கோஸ்டகுர்ட்டா. கோல் போடுவதற்கென்றே முன்னால் நிற்கும் ஒரு ஸ்ட்ரைக்கர் சீசனுக்குப் பதினைந்து கோல் போட்டால் பெரிய சங்கதி. அங்கே பாட்டிஸ்டுட்டா மொத்தம் 184 லீக் கோல் போட்டார்.

ஃபியோரென்டினா ஃப்ளோரன்ஸ் நகரத்து அணி. ஊதாச் சட்டை. மிலான், யுவென்டஸ் போலப் பணமோ செல்வாக்கோ கிடையாது, ஆனால் ஊர் முழுக்க உயிரை விடுவார்கள். 1992-93 சீசனில் பிரையன் லாட்ரப், ஸ்டெஃபான் எஃபென்பெர்க் எல்லாம் இருந்த அணி அது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நடுவில் நிர்வாகத்தோடு மனஸ்தாபம் ஆகிப் பயிற்சியாளர் ராடிச்சேவை நீக்கினார்கள். அணி சரிய ஆரம்பித்தது, சரிந்துகொண்டே போனது. கடைசி நாளில் ஃபோஜா அணியை 6-2 என்று வென்றும் பிழைக்க முடியவில்லை, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பாட்டிஸ்டுட்டா அந்தச் சீசனில் 16 கோல் போட்டிருந்தார்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபியோரென்டினா இறங்கியது 1993 ஜூனில். ஜூலை 4-ஆம் தேதி ஈக்வடாரின் குவயகில் நகரத்தில் கோபா அமெரிக்கா இறுதிப்போட்டி. அர்ஜென்டினா 2, மெக்சிகோ 1. இரண்டு கோலும் பாட்டிஸ்டுட்டா. அதற்குப் பிறகு அர்ஜென்டினா இன்னொரு கோபா அமெரிக்காவை வெல்ல 28 வருடம் ஆனது, 2021-இல் மெஸ்ஸியின் அணிதான் வென்றது. அப்படிப்பட்ட கோப்பையைக் கையில் வைத்திருக்கும், இருபத்து நான்கு வயது ஸ்ட்ரைக்கர். எந்த நாட்டில் எந்தக் கிளப்பிலும் இடம் கிடைக்கும். அவர் நேராக இத்தாலி இரண்டாம் டிவிஷனுக்குப் போய், சின்னச் சின்ன ஊர்களின் மைதானங்களில் ஆடினார். புதுப் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி. பாட்டிஸ்டுட்டா மறுபடி 16 கோல். ஃபியோரென்டினா முதலிடத்தில் முடித்து மேலே வந்தது.

இறக்கிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு, ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒருவர் நினைப்பதற்கும் விளையாட்டுப் பைத்தியத்துக்கும் சம்பந்தமில்லை. என் பெரியப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். அந்த வேலை பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. லாரி பாதி இறங்கியிருக்கும்போது வீட்டுக்கு வந்ததும் இல்லை. பாட்டிஸ்டுட்டா தன் தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வரும், அவருடைய முழங்கால்களும்தான்.

1994 உலகக் கோப்பைக்கு அவர் இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரராகத்தான் அமெரிக்கா போனார். ஜூன் 21, பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபாக்ஸ்பரோ மைதானம், கிரீஸுக்கு எதிரான ஆட்டம். 4-0. அந்த ஆட்டம் என்றால் எல்லாருக்கும் மாரடோனா கேமராவை நோக்கிக் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடிவந்ததுதான் நினைவிருக்கும், அதுதான் அவருடைய கடைசி உலகக் கோப்பை கோல். மற்ற மூன்றையும் போட்டவர் பாட்டிஸ்டுட்டா. முதல் உலகக் கோப்பை ஆட்டத்திலேயே ஹாட்ரிக். அடுத்த ஆட்டம் முடிந்ததும் மாரடோனா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், அணி நிலைகுலைந்து ருமேனியாவிடம் தோற்று வெளியேறியது.

திரும்பி வந்து 1994-95 சீசன். முதல் பதினொரு ஆட்டங்களிலும் கோல். ஒன்றுகூட விடாமல். போலோன்யா அணியின் எட்ஸியோ பாஸ்குட்டி அறுபதுகளில் முதல் பத்து ஆட்டங்களில் தொடர்ந்து கோல் போட்டது அதுவரை சாதனையாக இருந்தது, அது போயிற்று. சீசன் முடிவில் 26 கோல், லீகிலேயே அதிகம். ரசிகர்கள் அவருக்கு ஆளுயரச் சிலை செய்துவிட்டார்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அதுவும் லீக் பட்டம் ஒன்றுகூட வாங்கித் தராத ஒருவருக்கு. 1996-இல் இத்தாலியக் கோப்பை வந்தது. பெர்கமோவில் அடலாண்டாவை வென்றுவிட்டு அணி நள்ளிரவில் ஊர் திரும்பியபோது ஸ்டேடியம் நிறைய ஆட்கள் தூங்காமல் காத்துக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் மிலானை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று வென்றார்கள், இரண்டும் இவர் கோல். கேமராவுக்கு முன்னால் ஓடிவந்து மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அவர் அடிக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. பாட்டிஸ்டுட்டா வித்தைக்காரர் இல்லை. பத்துப் பேரைக் கடந்து போகமாட்டார், காலுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டுச் சிரிக்கமாட்டார். பின்னாலிருந்து அணித்தோழர் ரூயி கோஸ்டா பந்தை நழுவவிடுவார், இவர் ஒரு தட்டு தட்டி முன்னால் போட்டுக்கொள்வார், இரண்டு மூன்று எட்டு, அடி. பந்தை வளைத்து ஏமாற்றுவது அபூர்வம். பாதத்தின் மேல்பக்கம், கயிறு கட்டும் இடம், முழுசாகப் பந்தில் படும். அப்படி அடிக்க வேண்டுமானால் மற்றக் கால் பந்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தமாதிரி நிற்க வேண்டும். ஓடிவந்த வேகம், உடம்பின் மொத்த எடை, இடுப்பு திரும்பும் முறுக்கு, மூன்றும் ஒரே நொடியில் அந்த ஊன்றிய காலின் கணுக்காலில் வந்து இறங்கும். இதை மேட்ச்சில் நாலைந்து தடவை செய்தால் பயிற்சியில் நூறு தடவை செய்வார்கள். இப்படிப் பதினேழு வருடம்.

அந்த அடியின் அழகை ஒரே கோலில் பார்க்க வேண்டுமென்றால் 1999 அக்டோபர் 27. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், எதிரணி இங்கிலாந்தின் ஆர்சனல். அந்த வருடம் ஆர்சனல் தன் ஐரோப்பிய ஆட்டங்களைப் பழைய வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஆடியது. எழுபத்தைந்தாவது நிமிடம் வரை கோல் இல்லை. வலது பக்கத்தில் பந்து பாட்டிஸ்டுட்டாவிடம் வருகிறது. எதிரே நைஜல் வின்டர்பர்ன். வெளிப்பக்கமாக ஒரு தட்டு, அதோடு கோல் இருக்கும் திசையே அடைபட்டுப்போகிறது, கோல்கோட்டுக்குக் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் நிற்கிறார். அந்த இடத்திலிருந்து யாராக இருந்தாலும் நடுவில் கிராஸ் போடுவார்கள். இவர் அடித்தார். பந்து கோல்கீப்பர் டேவிட் சீமனைத் தாண்டி, குறுக்கே பறந்து, தூரக் கம்பத்தின் மேல் மூலையில் போய் விழுந்தது. சீமன் இடத்தைத் தப்பாக எடுக்கவில்லை, எதிர்பார்த்ததும் சரிதான். அந்தக் கோணத்தில் அவ்வளவு வேகம் வரும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆர்சனல் அதோடு போட்டியிலிருந்து வெளியேறியது. அடுத்த மாதம் ஃப்ளோரன்ஸில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராக ஒன்று. பிறகு மார்ச்சில் அவர்கள் மைதானத்தில் தூரத்திலிருந்து அடித்த இன்னொன்று. அந்த ஆட்டம் தோற்றுப்போனாலும் கோல் நிற்கிறது.

1997-இல் பார்சிலோனாவின் நூ கேம்ப் மைதானத்தில் சமன் கோல் அடித்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து அத்தனை ஆயிரம் பேரையும் வாயை மூடச் சொன்னது தனிக் கதை. அந்த மோதலின் இரண்டாவது ஆட்டத்தில் தடை காரணமாக அவரால் ஆட முடியவில்லை, அணி வீட்டிலேயே தோற்றது.

ஃபியோரென்டினா லீக் பட்டத்துக்கு உண்மையிலேயே பக்கத்தில் போனது 1998-99-இல் மட்டும்தான். பயிற்சியாளர் ஜியோவன்னி டிராபட்டோனி. பாதிச் சீசன் முடிந்தபோது முதலிடம். பிப்ரவரியில் மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் பாட்டிஸ்டுட்டா காயம் பட்டு விழுந்தார். அதே வாரங்களில், அவரோடு முன்னால் ஆடிய பிரேசில்காரர் எட்முண்டோ ரியோ கார்னிவலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். கார்னிவலுக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தாராம். இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் இல்லாத அணி மூன்றாவதாக முடித்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எட்முண்டோ ஆட்டத்தைக் கொண்டாட்டமாகப் பார்த்தவர், அசாத்தியத் திறமைசாலி, ஆட்டத்தை நேசித்தவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஃப்ளோரன்ஸ்காரர்களுக்கு அந்த பிப்ரவரியில் தேவைப்பட்டது வேலைக்கு வருகிற ஆள்.

தேசிய அணியில் நிலைமை வேறு. ரிவரில் இவரை ஓரம் கட்டிய அதே பசரெல்லா 1994-க்குப் பிறகு அர்ஜென்டினா பயிற்சியாளராக வந்தார். 1998 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இவரைப் பல ஆட்டங்களுக்கு வெளியே வைத்தார். கடைசியில் எடுத்துக்கொண்டார், எடுக்காமல் இருக்க முடியவில்லை. பாரிஸில் ஜமைக்காவுக்கு எதிராக 5-0. அதில் பாட்டிஸ்டுட்டாவின் மூன்று கோலும் இரண்டாம் பாதியில், சுமார் பத்து நிமிடத்துக்குள் வந்தவை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு கோலின் மறு ஒளிபரப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டமாதிரி இருந்தது. இரண்டு வேறு வேறு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக், அவருக்கு முன் யாரும் செய்யாதது. காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் அவர் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, பெர்க்காம்ப் கடைசி நிமிடத்தில் போட்ட கோலை உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

2000-இல் அவர் ஃப்ளோரன்ஸை விட்டார். ஒன்பது வருடம், எல்லாப் போட்டிகளும் சேர்த்து 207 கோல். முப்பத்தோரு வயதுக்காரருக்கு ரோமா கிளப் கொடுத்தது 70 பில்லியன் லிரா. அந்த வயதில் ஒருவருக்கு அவ்வளவு பணம் அதுவரை யாரும் கொடுத்ததில்லை. காரணத்தை அவர் மறைக்கவே இல்லை, லீக் பட்டம் வேண்டும் என்றார். ரோமாவில் 9-ஆம் எண்ணை மோன்டெல்லா விட்டுக்கொடுக்காததால் 18-ஐப் போட்டுக்கொண்டு ஆடினார்.

நவம்பர் 26. ரோமில் ஃபியோரென்டினா வருகிறது. எண்பது நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. துள்ளிவந்த பந்தை தூரத்திலிருந்து அப்படியே காற்றிலேயே அடித்தார், உள்ளே போனது. ரோமா வீரர்கள் மேலே பாய்ந்து கட்டிப்பிடிக்கிறார்கள், ஸ்டேடியம் அலறுகிறது, இவர் நடுவில் நின்று அழுதுகொண்டிருக்கிறார். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது இப்போது எல்லாரும் செய்கிற சடங்காகிவிட்டது. இது சடங்கு இல்லை. கோல் போடுவது அவர் வேலை, போட்டார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, கால்பந்து வெறும் தொழில் என்று அவர் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை.

அந்தச் சீசனில் லீகில் 20 கோல். 2001 ஜூன் 17, பார்மாவை 3-1 என்று வென்று ரோமா சாம்பியன். டோட்டி, மோன்டெல்லா, பாட்டிஸ்டுட்டா ஆளுக்கொன்று. ஃபியோரென்டினாவோ அடுத்த வருடமே கடனில் மூழ்கித் திவாலாகி, நாலாம் டிவிஷனிலிருந்து வேறு பெயரில் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

ரோமாவில் சேர்ந்தபோதே மூட்டுகள் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டன. ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். இது அவர் மட்டும் செய்ததில்லை, அன்று எல்லாக் கிளப்பிலும் நடந்தது, இன்றும் நடக்கிறது. வீங்கிய மூட்டில் வலியை மரத்துப்போகச் செய்யும் மருந்தையோ, வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோனையோ ஏற்றுவார்கள். வலி போய்விடும். ஆனால் வலி என்பது மூட்டு போடும் கூச்சல். கூச்சலை நிறுத்திவிட்டால் உள்ளே தேய்வது நிற்காது, தெரியாமல் தேயும். எலும்பு முறிந்தால் கூடும், தசை கிழிந்தால் ஆறும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, போனது போனதுதான். பாட்டிஸ்டுட்டாவின் கணுக்கால்களில் அது போய்விட்டது. மொத்த எடையும் எலும்பின் மேல் எலும்பாக நின்றது.

இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆடுகிற ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு மருத்துவக் குழு, இரண்டு பிசியோதெரபிஸ்ட், ஐஸ் தொட்டி, ஊசி எல்லாம் தயாராக இருக்கிறது. ஓய்வு அறிவித்த மறுநாள் அவையெல்லாம் மாயம். அந்தக் கணுக்காலை வைத்துச் சம்பாதித்த கிளப்புகளில் எதுவும் அதற்குப் பொறுப்பில்லை. பணம் சேர்த்தவர்கள் நல்ல மருத்துவரிடம் போவார்கள், சேர்க்காதவர்கள்? இரண்டாம் மூன்றாம் டிவிஷனில் ஊசி போட்டு ஆடியவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆட்டக்காரர் ஒப்பந்தத்திலேயே ஓய்வுக்குப் பிந்தைய மூட்டுச் சிகிச்சைக்கும் இடம் இருக்க வேண்டும். கார்னிவலுக்குப் போக ஒரு வரி எழுத முடிகிறது என்றால் இதற்கும் எழுத முடியும்.

2002 உலகக் கோப்பைக்கு இவர் முப்பத்து மூன்று வயதில் போனார். பயிற்சியாளர், அன்று அல்ஃபஹோர் பெட்டியைப் பிடுங்கிய பியெல்சா. இன்னொரு ஸ்ட்ரைக்கரான கிரெஸ்போவா பாட்டிஸ்டுட்டாவா என்று நாடே சண்டை போட்டது, இரண்டு பேரையும் சேர்ந்து ஆடவிடுங்கள் என்று ஒரு கூட்டம். பியெல்சா பாட்டிஸ்டுட்டாவைத்தான் முதலில் இறக்கினார். நைஜீரியாவுக்கு எதிராக கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி ஒரு கோல். உலகக் கோப்பையில் அது அவருடைய பத்தாவது கோல், கடைசிக் கோலும் அதுதான்; மொத்தம் ஆடியது பன்னிரண்டு ஆட்டங்கள். அப்புறம் இங்கிலாந்திடம் தோல்வி, சுவீடனோடு சமன், அர்ஜென்டினா முதல் சுற்றிலேயே வெளியே. அன்று அவர் அழுதது, தேசியச் சட்டையில் அவரை நாம் கடைசியாகப் பார்த்தது. இன்டர் மிலானில் கொஞ்ச காலம், பிறகு கத்தாரில் முதல் சீசனிலேயே 25 கோல் போட்டு அந்த நாட்டு லீக் சாதனையை உடைத்தது, இதெல்லாம் தேய்ந்த கணுக்காலோடுதான்.

கால்களை வெட்ட மறுத்த மருத்துவர், பின்னாளில் ஒரு கணுக்காலின் எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றோடொன்று இறுக்கினார். அசைந்தால்தானே உரசும், அசையாமல் செய்துவிட்டால் வலி குறையும் என்பது கணக்கு. பிறகு 2019-இல் ஸ்விட்சர்லாந்தில் இன்னொரு கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். இப்போது நடக்கிறார். இடையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்தார், கோல்ஃப் ஆடினார், குதிரை மேல் ஏறி போலோ ஆடினார். ஊர்ப்பக்கம் திரும்பி மாடு, நிலம் என்று தொழில் பார்த்தார். சாந்தா ஃபேயின் கொலோன் கிளப்பில் சில காலம் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். 2014-இல் ஃபியோரென்டினா தன் புகழ்மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது, அடுத்த வருடம் ரோமாவும்.

கிரீஸுக்கு எதிரான ஹாட்ரிக் 1994 ஜூன் 21. ஜமைக்காவுக்கு எதிரான ஹாட்ரிக் 1998 ஜூன் 21. தேசிய அணிக்காக அவர் போட்ட 54 கோல் என்ற சாதனை நீண்ட காலம் அப்படியே இருந்தது. எண்பதுக்கும் குறைவான ஆட்டங்களில் போட்டவை அவை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த கோபா அமெரிக்கா அரையிறுதியில் மெஸ்ஸி ஒரு ஃப்ரீ கிக்கை மூலையில் வளைத்து அனுப்பி அதை முந்தினார். தேதி 2016 ஜூன் 21. உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்காக அதிக கோல் என்ற சாதனையும் 2022 டிசம்பரில், குரோஷியாவுக்கு எதிரான அரையிறுதியில், மெஸ்ஸியிடமே போனது.

அந்த 54 போனபோது பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டார்கள். கால்பந்தைப் பிடிக்காது, மேட்ச் பார்ப்பதில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர், பெருந்தன்மையாக ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சாதனை போனது தனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது என்றார். உலகமெங்கும் போய் அர்ஜென்டினாவுக்கு அதிக கோல் போட்டவன் நான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது, இனி முடியாது, ஆனால் நான் இரண்டாவதாக நிற்பது ஒரு வேற்றுக்கிரகவாசிக்குப் பின்னால் என்பதுதான் ஆறுதல் என்றார்.